1,542 கோடி பீப்பாய் எங்கே போயிற்று? மான்டரே களிப்பாறை: ஒரு நிகழ்வு ஆய்வு

பரப்பு 1,752 சதுர மைல். சதுர மைலுக்குக் கிணறுகள் 16. ஒரு கிணறு தன் ஆயுள் முழுவதும் தரக்கூடிய எண்ணெய் 5.5 லட்சம் பீப்பாய். மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 1,542 கோடி பீப்பாய் வரும். கலிபோர்னியாவின் மான்டரே களிப்பாறையிலிருந்து (ஆங்கிலத்தில் ஷேல்), கைவசமுள்ள தொழில்நுட்பத்தைக் கொண்டு இவ்வளவு எண்ணெய் எடுக்கலாம் என்று அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2011 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை சொன்னது. நாடு முழுவதற்கும் களிப்பாறை எண்ணெய் 2,390 கோடி பீப்பாய் என்பது அதே அறிக்கையின் கணக்கு. அப்போது எல்லோர் வாயிலும் அடிபட்டுக்கொண்டிருந்த வடக்கு டகோட்டாவின் பேக்கன் களிப்பாறைக்கு அதில் 359 கோடி, டெக்சாஸின் ஈகிள் ஃபோர்டுக்கு 335 கோடி. மீதியில் பெரும்பங்கு மான்டரேயின் கணக்கில் எழுதப்பட்டிருந்தது.

மூன்றே ஆண்டுகள் கழித்து, 2014 மே மாதத்தில், அதே நிர்வாகம் அந்த எண்ணை 60 கோடியாகக் குறைத்தது. 2015 அக்டோபரில் அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் மான்டரே பாறை புதைந்திருக்கும் சான் வாக்கீன் படுகையின் ஆழப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு தனியாக ஒரு மதிப்பீடு செய்தது. அங்கே இனிக் கண்டுபிடிக்கப்படக்கூடியது சராசரியாக 2.1 கோடி பீப்பாய் என்று அது முடிவுக்கு வந்தது. அமெரிக்கா ஏறக்குறைய ஒரே நாளில் எரித்துத் தீர்க்கும் அளவு அது. இரண்டு அமைப்புகளும் அளந்த பரப்பு ஒன்றல்ல, முறையும் ஒன்றல்ல. ஆகவே 1,542 கோடியையும் 2.1 கோடியையும் நேருக்கு நேர் நிறுத்துவது நியாயமில்லை. ஆனால் இரண்டும் ஒரே பாறையைப் பற்றிய எண்கள்; அந்த ஆழப்பகுதிதான் பெருங்கனவின் மையமாக இருந்தது.

இதை ஒரு கணக்குப் பிழை என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெருக்கல் சரியாகத்தான் இருந்தது. பெருக்குவதற்கு முன்னால் பாறையிடம் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி கேட்கப்படாமல் போயிற்று. நீ உண்டாக்கிய எண்ணெயில் எவ்வளவு இன்னும் உன்னிடம் இருக்கிறது? அதற்குப் பதில் சொல்லக்கூடியது கிணறு ஒன்றுதான். அந்தப் பதிலின் ஒரு பகுதி, யாரும் தேடுவதற்கு முன்பே, அந்த மண்ணில் நூறு ஆண்டுகளாகக் கிடந்தது.

எண்ணெய் பிறந்த பாறை

மான்டரே பாறை மயோசீன் காலத்தில், ஏறக்குறைய ஒரு கோடியே எழுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, கடலடியில் படிந்தது. அதன் பெரும்பகுதி டையட்டம் எனப்படும் ஒற்றைச் செல் பாசிகளின் ஓடு. அந்த ஓடு சிலிக்காவால் ஆனது. உயிர்வளி குறைந்த கடலடியில் பாசிகளின் உடற்சத்தும் அழுகித் தீராமல் ஓடுகளோடு சேர்ந்து புதைந்தது. இப்படித்தான் கரிமம் செறிந்த பாறை உருவானது. 2011 அறிக்கை இந்தப் பாறைக்குக் காட்டிய சராசரிக் கரிம அளவு 6.5 விழுக்காடு, சராசரித் தடிமன் 1,875 அடி. களிப்பாறை எண்ணெய் தேடுகிறவர்கள் 2 விழுக்காடு கரிமம் கிடைத்தாலே நின்று பார்ப்பார்கள். ஐந்நூறு அடி தடிமன் இருந்தால் கொண்டாடுவார்கள். அப்படியிருக்க, மான்டரேயின் எண்கள் எந்தப் புவியியலாளரையும் மயக்கக்கூடியவை. மயங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

புதைந்த ஓடுகள் ஆழமும் வெப்பமும் கூடக்கூட உருமாறுகின்றன. முதலில் சுண்ணாம்புக்கட்டி போல் இலேசான டையட்டம் மண். அதில் பாதிக்கு மேல் வெற்றிடம். அடுத்து அது இறுகி ஒருவகை ஓபல் ஆகிறது. இன்னும் ஆழத்தில் குவார்ட்ஸ் ஆகிறது. குவார்ட்ஸ் நிலையில் பாறை கண்ணாடி போல நொறுங்கும். நொறுங்கும் பாறையில் விரிசல் விழும், விரிசல் வழியே எண்ணெய் ஓடும். கலிபோர்னியாவின் சான்டா மரியா படுகையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே மான்டரேயிலிருந்து எண்ணெய் எடுக்க முடிந்ததற்கு இந்த இயற்கை விரிசல்கள்தாம் காரணம். மனிதன் உடைக்க வேண்டியிருக்கவில்லை. மலைகளை மடக்கிய நிலவியக்கமே உடைத்து வைத்திருந்தது.

அந்த நிலவியக்கத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சான் ஆன்ட்ரியாஸ் பிளவு இந்த நிலத்தின் ஊடே போகிறது. பாறை அடுக்குகள் மடிந்து, நிமிர்ந்து, முறிந்து கிடக்கின்றன. ஒரே ஏட்டில் மான்டரே என்று எழுதப்படும் பாறை, ஐந்து மைல் தள்ளிப் போனால் வேறு ஆழத்தில், வேறு வெப்பத்தில், வேறு கனிமக் கலவையில் இருக்கும். டகோட்டாவின் பேக்கனோ பாய் விரித்தது போலப் பல மாவட்டங்களைக் கடந்து ஏறக்குறைய கலையாமல் படுத்திருக்கிறது. அங்கே ஒரு கிணற்றில் கண்டதைப் பத்து மைல் தள்ளியும் ஓரளவு நம்பலாம். கலிபோர்னியாவில் அடுத்த கிணற்றுக்குக்கூட அந்த உறுதி கிடையாது.

நூறு ஆண்டு முன்னரே கிடைத்த சாட்சி

கலிபோர்னியக் கடற்கரையில் வாழ்ந்த சூமாஷ் மக்கள், கரையில் ஒதுங்கும் நிலக்கீலைக் காய்ச்சித் தங்கள் பலகைப் படகுகளின் இடுக்குகளை அடைத்தார்கள். அந்தக் கீல் கடலடியில் கசிந்த எண்ணெயின் மிச்சம். அதன் தாய்ப்பாறை மான்டரே. 1899இல் கெர்ன் ஆற்றங்கரையில் கையால் தோண்டிய கிணற்றிலேயே எண்ணெய் கண்டார்கள். 1910 மார்ச் 14 அன்று டாஃப்ட், மாரிகோப்பா ஊர்களுக்கு இடையே லேக்வியூ கிணறு பீறிட்டது. ஒன்றரை ஆண்டுகள் யாராலும் அதை அடக்க முடியவில்லை. ஏறக்குறைய 90 லட்சம் பீப்பாய் எண்ணெய் வெளியே கொட்டியது.

இவற்றில் எதுவும் ஆழத்துக் களிப்பாறையைத் துளைத்து எடுத்த எண்ணெய் அல்ல. ஆழத்தில் வெந்து உருவான எண்ணெய், மடிப்புகள் வழியாகவும் பிளவுகள் வழியாகவும் ஏறி, மேலே இருந்த மணற்பாறைகளில் தேங்கியது. மிட்வே-சன்செட், கெர்ன் ரிவர் என்று அமெரிக்காவின் மிகப் பெரிய எண்ணெய் வயல்கள் சில அப்படி உருவானவை. கலிபோர்னியாவைச் செல்வமாக்கிய வயல்களில் பெரும்பாலானவற்றுக்கு எண்ணெய் கொடுத்த தாய் இந்தப் பாறைதான்.

2011க்குப் பிறகு மான்டரேயை ஆதரித்துப் பேசியவர்கள் இதையே ஆதாரமாகக் காட்டினார்கள். இத்தனை வயல்களுக்கு எண்ணெய் கொடுத்த பாறையிலேயே இன்னும் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார்கள். கேள்வி இயல்பானது. ஆனால் மேலே வந்த எண்ணெய் முழுவதும் கீழேயிருந்து போன எண்ணெய். தாராளமாகக் கொடுத்த பாறையிடம் மிச்சம் குறைவாக இருக்கும் என்ற எதிர்ப்பக்கத்தையும் அதே சாட்சியம் சொல்லிக்கொண்டிருந்தது. பேக்கனில் எண்ணெய் பெரும்பாலும் பிறந்த வீட்டை விட்டு வெகுதூரம் போகவில்லை. மேலும் கீழும் கரிமம் செறிந்த கருங்களிப்பாறை, நடுவே மெல்லிய வண்டல்பாறை; எண்ணெய் அந்த நடு அடுக்குக்குள் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடந்தது. அங்கே கிடைக்கோட்டுக் கிணறுகள், அதாவது ஆழத்தில் பக்கவாட்டில் திரும்பும் கிணறுகள், பெரும்பாலும் குறிவைப்பதும் அந்த நடு அடுக்கைத்தான்.

ஒரு சோதனைக் கிணறு சொல்லும் கதை

களிப்பாறையில் எண்ணெய் இருக்கிறது என்பதற்கும், அந்த எண்ணெய் வரும் என்பதற்கும் நடுவே நீண்ட தொலைவு இருக்கிறது. சோதனைக் கிணறு எதைத் தேடுகிறது என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1,542 கோடி என்ற பெருக்கல் தாண்டிக் குதித்தது இந்தத் தொலைவைத்தான்.

முதலில் செங்குத்தாக ஒரு முன்னோடிக் கிணறு. துளைக்கும்போது மேலே வரும் சேற்றுக் குழம்பில் கரைந்துள்ள வாயுவை நிமிடத்துக்கு நிமிடம் அளக்கிறார்கள். பாறைத்துகள்களைக் குறிப்பிட்ட அடிக்கு ஒருமுறை சல்லடையில் பிடித்து, கழுவி, உருப்பெருக்கியில் பார்க்கிறார்கள். குறிவைத்த அடுக்கு வந்ததும் துளைமுனையை மாற்றிப் பாறையை உருளையாக அறுத்து எடுக்கிறார்கள். இதைத் தொழிலில் கோர் என்பார்கள். செலவு அதிகம், துளையிடும் எந்திரமான ரிக்கின் நேரமும் போகும். அதனால் மிச்சம் பிடிக்க நினைக்கும் நிறுவனங்கள் முதலில் கைவிடுவது இதைத்தான். கோர் இல்லாமல் களிப்பாறையை மதிப்பிடுவது நாடி பிடிக்காமல் மருந்து எழுதுவதற்குச் சமம்.

அறுத்த பாறையின் சிறு துணுக்கை, ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவே போதும், உலையில் வைத்துச் சூடாக்குகிறார்கள். ராக்-எவால் என்ற இந்தச் சோதனையில், 300 டிகிரி செல்சியஸை ஒட்டி வெளிவருவது பாறையில் ஏற்கெனவே உருவாகித் தங்கியிருக்கும் எண்ணெய். அதை எஸ்1 என்று குறிக்கிறார்கள். இன்னும் சூடேற்றினால் எண்ணெயாக மாறாமல் இருந்த கரிமப்பொருளான கெரோஜன் சிதைந்து வெளிவரும்; அது எஸ்2. அந்த இரண்டாம் வெளிப்பாடு உச்சம் தொடும் வெப்பநிலையைக் கொண்டு பாறை எவ்வளவு வெந்திருக்கிறது என்று கணிக்கலாம். 435 டிகிரியை ஒட்டிய அளவு எண்ணெய் பிறக்கும் பருவத்தின் தொடக்கம் என்பது பொதுவான வழக்கு.

ஆனால் மான்டரே இந்த வழக்குக்கும் அடங்காது. அதன் கெரோஜனில் கந்தகம் அதிகம். கந்தகப் பிணைப்புகள் எளிதில் முறியும் என்பதால் மற்றப் பாறைகளைவிடக் குறைந்த வெப்பத்திலேயே எண்ணெய் உருவாகத் தொடங்கிவிடுகிறது. அப்படி முந்திப் பிறக்கும் எண்ணெய் கெட்டியாக இருக்கும். சீக்கிரம் பிறந்ததால் அது வெளியேறக் கிடைத்த காலமும் அதிகம். உலகத்துக்கெல்லாம் பொருந்தும் அட்டவணையை எடுத்து இந்தப் பாறைக்குப் பூட்டினால் தவறான முதிர்ச்சி வரும். தவறான முதிர்ச்சியிலிருந்து தவறான பரப்பு வரும்.

இனி நாம் தேடும் கேள்வி. எஸ்1 அளவைக் கரிம அளவால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். ஒரு கிராம் கரிமத்துக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைவாக எண்ணெய் இருந்தால், அந்த எண்ணெய் கெரோஜனோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, கிணற்றுக்கு வராது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். 100ஐத் தாண்டினால் ஓடக்கூடிய எண்ணெய் இருக்க வாய்ப்பு உண்டு. கரிமம் அதிகமாக இருக்கும் பாறை எண்ணெயையும் அதிகமாகப் பிடித்து வைக்கும் என்பது இதன் உள்ளே இருக்கும் பாடம். 6.5 விழுக்காடு கரிமம் என்று கேட்டதும் மகிழ்கிறவர்கள் இந்த வகுத்தலையும் செய்து பார்க்க வேண்டும். அடுக்கடுக்காக, அடிக்கு அடி.

அதன்பின் கனிமம். குவார்ட்ஸ் எவ்வளவு, களிமண் எவ்வளவு? களிமண் மிகுந்தால் நீரழுத்தத்தால் திறந்த விரிசல் மெல்ல மூடிக்கொள்ளும். பிறகு சிறிய அளவில் நீரைச் செலுத்திப் பாறையை லேசாகப் பிளந்து, அழுத்தம் எப்படி இறங்குகிறது என்று சில நாட்கள் கவனிக்கிறார்கள். பாறையின் உள்ளழுத்தம், ஊடுருவுதிறன், அது முறியும் அழுத்தம் ஆகியவை அந்த இறக்கத்தின் வடிவிலிருந்து கிடைக்கும். இத்தனையும் தேறினால்தான் கிடைக்கோட்டில் கிணற்றைத் திருப்பி, பகுதி பகுதியாகப் பிளந்து, எண்ணெய் எடுத்துப் பார்க்கும் கட்டம்.

அந்தக் கட்டத்திலும் முதல் மாத எண்ணெயைப் பார்த்துத் துள்ளக் கூடாது. களிப்பாறைக் கிணற்றின் உற்பத்தி முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேல் வீழ்வது சாதாரணம். இரண்டு மூன்று ஆண்டு வீழ்ச்சியைப் பார்த்த பிறகே ஆயுள் முழுவதும் எவ்வளவு தரும் என்று சொல்ல முடியும். ஒரு கிணறு போதாது; பரப்பின் நல்ல இடத்திலும் கெட்ட இடத்திலும் கிணறுகள் வேண்டும்.

5.5 லட்சம் என்ற எண்ணுக்கு இத்தகைய கிணறுகளின் பின்பலம் இருக்கவில்லை. 2011 அறிக்கைக்கான அடிப்படைக் கணக்கை இன்டெக் என்ற ஆலோசனை நிறுவனம் தயாரித்தது. மான்டரேயின் ஆழப்பகுதியில் நவீன முறையில் துளைக்கப்பட்டு நீண்டகாலம் எண்ணெய் தந்த கிணறுகளின் தொகுப்பு அப்போது கையில் இல்லை. சில இடங்களின் நல்ல கிணறுகள் 1,752 சதுர மைலுக்கும் சராசரியாக விரித்துப் போடப்பட்டன. கணக்குப்படி 28,000க்கும் மேற்பட்ட கிணறுகள், ஒவ்வொன்றும் ஒரே தரத்தில். மடிந்து முறிந்த அந்த நிலத்தில் இது நடக்காது என்று சொல்ல எதிர்ப்பாளராக இருக்க வேண்டியதில்லை. நிலப்படத்தைப் பார்த்தால் போதும்.

எண் நடந்த பாதை

அச்சான எண் சும்மா இருக்காது. 2012 டிசம்பரில் மான்டரே, சான் பெனிட்டோ, ஃபிரெஸ்னோ மாவட்டங்களில் கூட்டரசு நிலத்தில் எண்ணெய்க் குத்தகை ஏலம் நடந்தது. சுமார் 17,800 ஏக்கர் பத்து நிமிடத்துக்குள் கைமாறியது. 2013 மார்ச்சில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. மான்டரே எண்ணெய் 2020க்குள் மாநிலத்தில் 28 லட்சம் வேலைகளையும் 2,460 கோடி டாலர் வரி வருவாயையும் தரக்கூடும் என்றது. அப்போதைய கலிபோர்னியாவின் மொத்த வேலைகளில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும் எண்ணிக்கை அது. ஆய்வுக்கான பணத்தில் ஒரு பகுதி எண்ணெய் நிறுவனங்களின் கூட்டமைப்பிடமிருந்து வந்திருந்தது. பணம் வந்த வழியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அந்தப் பொருளாதாரக் கட்டடம் முழுவதும் 1,542 கோடி என்ற ஒற்றைக் கல்லின் மேல் நின்றது. கல்லைத் தட்டிப் பார்ப்பது பொருளியலாளர்களின் வேலை அல்ல என்று விடப்பட்டது.

மறுபக்கத்தில் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் அதே எண்ணை நம்பினார்கள். நிலநடுக்கப் பகுதியில், வறட்சிக் காலத்தில், பல்லாயிரம் கிணறுகள் வரப்போகின்றன என்ற அச்சம் உண்மையானது. அந்த அச்சத்திலிருந்து ஒரு நல்ல விளைவும் உண்டாயிற்று. 2013 செப்டம்பரில் ஆளுநர் ஜெரி பிரவுன் கையெழுத்திட்ட செனட் மசோதா 4, பாறையை நீரழுத்தத்தால் பிளக்கும் நீரழுத்த முறிவுக்கு (ஃபிராக்கிங்) அனுமதி, தகவல் வெளியீடு ஆகியவற்றோடு சுதந்திரமான ஓர் அறிவியல் ஆய்வையும் கட்டாயமாக்கியது.

எண்ணை முதலில் பகிரங்கமாகத் தட்டிப் பார்த்தவர் டேவிட் ஹியூஸ். கனடாவின் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றியவர். 2013 டிசம்பரில் அவருடைய அறிக்கை வந்தது. அவர் புதிதாக எந்தக் கிணறும் தோண்டவில்லை. மான்டரேயில் ஏற்கெனவே துளைக்கப்பட்ட கிணறுகளின் உற்பத்திப் பதிவுகளை எடுத்து, ஒவ்வொன்றும் உண்மையில் எவ்வளவு தந்தது என்று பார்த்தார். 5.5 லட்சம் என்ற சராசரி பல மடங்கு மிகை என்று கண்டார். எண்ணெய் தந்த கிணறுகளும் பெரும்பாலும் மரபான தேக்கங்களிலிருந்தே எடுத்தன என்று காட்டினார். பொதுவில் கிடைக்கும் பதிவுகளை உட்கார்ந்து படித்த ஒரு மனிதரின் உழைப்பு இது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் மதிப்பு அவரிடம்தான்.

நிறுவனங்களும் துளைத்துக்கொண்டுதான் இருந்தன. ஆக்சிடென்டல், வெனோகோ போன்றவை மான்டரேயின் மேல் நம்பிக்கை வைத்துச் செலவு செய்தன. எதிர்பார்த்த விளைவு வரவில்லை. ஆக்சிடென்டல் 2014இல் தன் கலிபோர்னியத் தொழிலையே தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. அதற்கு முன்பே, இடையில் 1,370 கோடியாகச் சற்றுத் தணிக்கப்பட்டிருந்த அரசின் எண், 60 கோடியாக வீழ்ந்திருந்தது. 96 விழுக்காடு வெட்டு. நவீன முறைகளைக் கொண்டு துளைத்தும் இந்தப் பாறை நன்றாக எண்ணெய் தருகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்பது நிர்வாகம் சொன்ன காரணத்தின் சாரம். இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் பலர். தான் அச்சிட்ட எண்ணைத் தானே திருத்திய அலுவலகத்தை நான் அப்படிச் சொல்ல மாட்டேன். திருத்தம் மூன்று ஆண்டு தாமதமாக வந்தது என்பது மட்டுமே என் குறை.

கிணறுகள் உயர்த்திய எண்ணும் உண்டு

கிணறு எப்போதும் ஆசையைக் குறைக்கத்தான் செய்யும் என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பேக்கனில் நடந்தது நேர் எதிர். அந்தப் பாறைக்குப் பெயர் கொடுத்த விவசாயியின் நிலத்தில் 1950களின் தொடக்கத்திலேயே எண்ணெய் கண்டார்கள். ஆனால் செங்குத்துக் கிணறுகள் சொற்பமே தந்தன. 1987இல் மேல் களிப்பாறையில் கிடைக்கோட்டில் துளைத்துப் பார்த்தார்கள். ஆர்வம் சில ஆண்டுகளில் தணிந்தது. 1995இல் புவியியல் ஆய்வு மையம் பேக்கனுக்கு 15.1 கோடி பீப்பாய்தான் என்று மதிப்பிட்டது. பிறகு 2000இல் மொன்டானாவின் எல்ம் கூலியில் நடு அடுக்கைக் குறிவைத்தார்கள். 2006இல் டகோட்டாவின் பார்ஷல் வயல் திறந்தது. கிணறுகள் பெருகின, உற்பத்திப் பதிவுகள் சேர்ந்தன. 2008இல் அதே மையத்தின் எண் 365 கோடி. ஏறக்குறைய இருபத்துநான்கு மடங்கு உயர்வு.

இரண்டு பாறைகளிலும் எண்ணை மாற்றியது கிணறு. ஒன்றில் கிணறு முதலில் வந்தது, பெரிய எண் பின்னால் வந்தது. மற்றதில் எண் முந்திக்கொண்டது.

காவிரிப் படுகை வாசகருக்கு இந்த இடத்தில் ஒன்று நினைவுக்கு வரலாம். அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2013இல் உலக நாடுகளின் களிப்பாறை வளத்தை மதிப்பிட்டபோது, இந்தியாவில் காம்பே, கிருஷ்ணா-கோதாவரி, தாமோதர் படுகைகளோடு காவிரியையும் சேர்த்துக்கொண்டது. இந்தியா முழுவதற்கும் எடுக்கக்கூடிய களிப்பாறை எண்ணெய் 380 கோடி பீப்பாய் என்றது. நிர்வாகத்துக்காக வேறொரு ஆலோசனை நிறுவனம் வேறு முறையில் செய்த கணக்கு அது. மான்டரேயின் தவறு அதிலும் இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. களிப்பாறையில் நீண்டகாலம் எண்ணெய் எடுத்துப் பார்த்த கிணறுகள் பின்னால் இல்லாமல் வந்த எண் என்பது மட்டும் இரண்டுக்கும் பொது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் உள்ளிட்ட டெல்டாப் பகுதியில் களிப்பாறை வாயு உட்பட புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வுக்கும் துளையிடலுக்கும் 2020இல் தமிழ்நாடு சட்டம் தடை விதித்தது. அந்தத் தடை வயல்களையும் நீரையும் முன்னிட்டு வந்தது. நிலத்தடியில் எவ்வளவு இருக்கிறது என்ற விவாதத்துக்கு அதில் இடமில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

பழைய கிணறுகள்

மசோதா 4 கட்டாயமாக்கிய ஆய்வைக் கலிபோர்னிய அறிவியல் தொழில்நுட்ப மன்றம் செய்தது. அந்த மன்றம் இதையொட்டி நடத்திய ஆய்வுகளில் கிடைத்த ஒரு விவரம் எனக்கு மறக்க முடியாதது. கலிபோர்னியாவில் நீரழுத்த முறிவுக்குக் கிணறு ஒன்றுக்கு அப்போது செலவான நீர் சராசரியாக ஏறக்குறைய ஐந்து லட்சம் லிட்டர். டெக்சாஸின் ஈகிள் ஃபோர்டில் அது ஒன்றரைக் கோடி லிட்டரைத் தாண்டியது. பெயர் ஒன்றானாலும் இரண்டும் ஒரே தொழில் இல்லை. கலிபோர்னியாவில் பிளக்கப்பட்டது பெரும்பாலும் பெல்ரிட்ஜ், லாஸ்ட் ஹில்ஸ் போன்ற பழைய வயல்களின் ஆழம் குறைந்த டையட்டம் பாறை. எண்ணெய் அங்கே வந்து தேங்கியிருக்கிறது என்று முன்பே தெரிந்த இடங்கள் அவை. 14,000 அடி ஆழத்துத் தாய்ப்பாறையில் நடக்கும் என்று எதிர்பார்த்த புரட்சி, அந்த மாநிலத்தில் தொடங்கவேயில்லை.

2015இல் புவியியல் ஆய்வு மையம் ஆழப்பகுதிக்கு 2.1 கோடி என்று சொன்னபோது, அந்த மதிப்பீட்டின் அடித்தளத்தில் ஆழத்து மான்டரேயை ஏற்கெனவே ஊடுருவிய எண்பதுக்கும் மேற்பட்ட பழைய கிணறுகளின் தரவு இருந்தது. அங்கே உருவான எண்ணெயில் பெரும்பகுதி பாறையை விட்டு வெளியேறிவிட்டது, எஞ்சியது சொற்பம், ஆழப் படுகையில் இனிப் போடும் சோதனைக் கிணறுகளில் பெரும்பாலானவை வெற்றி பெற வாய்ப்பில்லை என்பது அதன் முடிவு. அந்தக் கிணறுகளில் பல, கீழே வேறு ஏதாவது தேக்கம் கிடைக்குமா என்று தேடிப் போட்டவையாக இருக்கலாம். போகிற வழியில் மான்டரேயைக் கடந்தன. கடக்கும்போது அதன் மின்தடைத்திறன், அடர்த்தி, வாயு எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டுப் போயின. 2011 ஜூலையில், 16ஐயும் 5.5 லட்சத்தையும் யாரோ பெருக்கிய அந்த நாளிலும், அந்தப் பதிவுகள் கோப்புகளில் இருந்தன.